கிழியாத துணி

போன வாரம், மாடிக்குப் புதிதாகக் குடிவந்த திவ்யாவுக்கு ஒரு பார்சல் வந்தது. அவள் காலேஜுக்குப் போயிருந்தாள், அவளைப் பெற்றவர்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த வீட்டில் பகல் முழுக்கச் சும்மா கிடப்பது வீட்டுக்காரியான நான் ஒருத்திதான். கொண்டுவந்த பையன் வீடு தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தெருமுனை டீக்கடையில் விசாரித்து வாசலுக்கு வந்தான். டீக்கடையில் என்ன அடையாளம் சொல்லி அனுப்பினார்கள் என்பது அவன் வாயாலேயே வந்தது. அதை இப்போது எழுத எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் சொல்கிறேன்.

சாயங்காலம் திவ்யா என் எதிரிலேயே பார்சலைப் பிரித்தாள். கடையில் புது பிளாஸ்டிக் வாளி வாங்கினால் வருமே, அந்த வாசனை. உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பேண்ட். தொடையைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே மளமளவென்று விரிந்து, தரையைத் தொட்டது. அவள் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் நடந்து காட்டினாள். நான் காலையில் பெருக்காமல் விட்ட தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு போனது.

"எப்பிடி இருக்குது ஆன்ட்டி? இப்ப இதான் ஸ்டைலு."

"இது பெல்பாட்டம்டி. எங்க காலத்துலயே வந்துடுச்சு."

"சும்மா சொல்லாதீங்க. உங்க காலத்துல ஏது இதெல்லாம்?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாங்களெல்லாம் இலை தழையைக் கட்டிக்கொண்டு திரிந்தோம் என்று நினைப்பு. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கோபம் போய் வேறு ஏதோ வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அந்தத் துணி எரிந்தால் என்ன நாற்றம் வரும் என்று எனக்குத் தெரியும்.

என் அண்ணன் பெயர் அருள்ராஜ். அப்பா இல்லாத வீடு. அண்ணனும் நானும் ஜங்ஷன் பக்கம் இருந்த ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் பொம்மைகளுக்குக் கண், உதடு, உடுப்பு எல்லாம் வர்ணம் எழுதுகிற வேலை. அண்ணன் மண் அரைக்கிற மில்லைப் பார்த்துக்கொண்டான். பெரிய பீப்பாய் போல ஓர் இரும்பு உருளை. அதற்குள் மண்ணும் கல்லும் தண்ணீரும் போட்டு மூடிவிட்டால், மோட்டாரிலிருந்து வரும் பட்டையான பெல்ட் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பெல்ட்டுக்கு ஓர் இரும்பு வலை மூடி உண்டு. இந்த மூடியை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரே நிறம்தான். மண் வெள்ளை, தூசி வெள்ளை, அச்சு வெள்ளை. ஆண்கள் எல்லாரும் காக்கி அரை டவுசரோடு உள்ளே போவார்கள், வெளியே வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். எங்கள் அம்மா ஒருநாள் வாசலில் வந்து நின்ற அண்ணனைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்து, "யாருப்பா வேணும்?" என்று கேட்டுவிட்டாள். அதனால்தானோ என்னவோ, அங்கே வேலை பார்த்த பையன்களுக்கு நிறத்தின் மேல் அப்படி ஒரு வெறி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அண்ணன் கிளம்புகிற கோலத்தைப் பார்க்க வேண்டும். காதை மூடிய ஸ்டெப் கட்டிங், தாடை வரை இறங்கிய கிருதா, நாய்க்காது காலர் வைத்த ஊதாச் சட்டை, உள்ளங்கை அகலத்துக்கு பெல்ட், அதன் நடுவில் சிங்க முகம். எல்லாவற்றுக்கும் கீழே அந்த பெல்பாட்டம். ஊரில் அதற்குத் தெருக்கூட்டி பேண்ட் என்று பெயர். தரையில் உரசி நுனி பிய்ந்துபோகாமல் இருக்க விளிம்பைச் சுற்றி இரும்பு ஜிப்பை வைத்துத் தைப்பார்கள். நடந்தால் சரக் சரக்கென்று சத்தம் வரும். கோயிலில் சாமியார் பிரசங்கத்தை நிறுத்தினால் தாமதமாக வந்தது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நான் மட்டும் என்ன ஒழுங்கா? வளையல் அளவுக்கு பிளாஸ்டிக் தோடு வாங்கி மாட்டிக்கொண்டு காது மடல் புண்ணாகி, அந்தப் புண்ணை மறைக்க முடியை இரண்டு பக்கமும் காதுமேல் இழுத்து விட்டேன். அதைப் பார்த்துவிட்டு வர்ணம் எழுதுகிற பெண்கள் நாலு பேர் அப்படியே முடியை இழுத்து விட ஆரம்பித்தார்கள். ஸ்டைல் என்பதெல்லாம் இப்படித்தான் பிறக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோனது.

ஒரு வருஷம் முதலாளிக்கும் ஆசை வந்தது. கிருஷ்ணனும் கிளியும் போதும், டிஸ்கோ ஆடுகிற பையன் பொம்மை ஒன்று போடலாம் என்றார். அண்ணனைத்தான் நிற்க வைத்து, அவனைப் பார்த்து அச்சு செய்தார்கள். ஒரு கை இடுப்பில், ஒரு கை ஆகாயத்தில். அச்சுக்காரருக்கு அந்தப் பொம்மை ரொம்பப் பிடித்துப்போனது. மற்றப் பொம்மைகளுக்கெல்லாம் கால் மெலிதாக இருக்கும், சூளையில் முறியும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

"பெல்பாட்டம் போட்டவனுக்குக் காலே தேவையில்ல தம்பி. பேண்ட்டே நிக்கிது பாரு" என்று அவர் அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணனும் சிரித்தான். நான் அந்தப் பேண்ட்டுக்குச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஆடுவான். எங்கள் கோயில் திருவிழாவில் தேர் சுற்றி வந்த பிறகு மேடையில் பாட்டு, நாடகம் எல்லாம் நடக்கும். பம்பாயில் கண்ணாடி உருண்டை ஒன்று தலைக்குமேல் சுற்றுமாம், வெளிச்சம் பொட்டுப் பொட்டாகச் சிதறுமாம் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் செய்கிற பெரிய உருண்டை உண்டியல் ஒன்றை எடுத்து, உடைந்த கண்ணாடிச் சில்லுகளை அதன்மேல் ஒட்டி, பந்தலில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். கயிற்றை முறுக்கி விட்டால் கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் சுற்றும், கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சுற்றும். காசு போடுகிற துவாரம் மட்டும் மறையவில்லை. அதைப் பார்த்து ஒரு கிழவர் எழுந்து போய்க் காணிக்கை போட முயன்றார். இருந்தாலும் சொல்கிறேன், அண்ணன் ஆடியபோது அந்தப் பெல்பாட்டம் கால்களைச் சுற்றிக் குடை மாதிரி விரிந்து விரிந்து மடங்கியதைப் போல ஓர் அழகை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை. என் அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான்.

துணி மங்கலம்பேட்டையிலிருந்து வரும். அங்கே வீட்டுக்கு ஓர் ஆளாவது வளைகுடாவில் இருப்பார்கள், அவர்கள் வரும்போது சென்டும் டேப்ரிக்கார்டரும் துணியும் வரும். ஓர் ஆயுத பூஜைக்கு முன்னால் அண்ணன் என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான். கடைக்கார பாய் மேலே இருந்து ஒரு துணியை இறக்கினார். சாக்லேட் நிறம், லேசான மினுமினுப்பு. அதன் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்துக் காட்டினார்.

"நீங்களும் இழுத்துப் பாருங்க தம்பி. ஜப்பான் துணி. மாடு கட்டி இழுத்தாலும் கிழியாது."

அண்ணன் இழுத்தான். நானும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். கிழியவில்லை. எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம் ஊர்க் கம்பெனிகளில் ஆயுத பூஜைக்கு மெஷினை நிறுத்திக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போடுவார்கள். அன்றைக்கு மெஷினைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எல்லாரும் புது உடுப்பில் வருவார்கள். சூடம் காட்டி, அது எரிந்து அணைகிற வரைக்கும் மெஷினைச் சும்மா ஓட்டி நிறுத்துவார்கள். எந்த மெஷினுக்கு யார் ஆளோ அவர்தான் ஓட்ட வேண்டும், அதுவும் புது உடுப்பில். காக்கி போட்டுக்கொண்டு வந்தால் முதலாளி திட்டுவார். நாங்கள் வேதக்காரர்கள் என்பதெல்லாம் அங்கே ஒரு பேச்சே இல்லை. அண்ணன் மில்லை அண்ணன்தான் ஓட்டுவான், பொரிகடலையும் வாங்கிக்கொள்வான்.

இன்னொரு வழக்கம். மோட்டார்ச் சக்கரத்தில் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும், மாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்காகப் பெல்ட்டின் வலை மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். விஜயதசமியன்று சும்மா ஓட்டி நிறுத்துகிற வரைக்கும் அது சுவரோரம்தான் இருக்கும். சாமியை யாராவது மூடி வைப்பார்களா? வருஷா வருஷம் அப்படித்தான் நடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அந்தக் காலையில் அண்ணன் சாக்லேட் நிறப் பெல்பாட்டத்தில் வந்து நின்றதைப் பார்த்துப் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. "உங்க அண்ணன் மெஷினு ஓட்ட வந்துக்குதா, பொண்ணு பார்க்க வந்துக்குதா?" என்று என் விலாவில் இடித்தார்கள். முதலாளி சூடம் கொளுத்தினார். "போடுப்பா அருளு" என்றார். அண்ணன் சுவிட்சைப் போட்டான். உருளை மெல்லச் சுற்ற ஆரம்பித்தது, எல்லாரும் கை தட்டினோம். மோட்டார் மேல் போட்டிருந்த சாமந்தி மாலை அதிர்வில் நழுவிப் பெல்ட் பக்கம் சரிந்தது. மாலை அறுந்தால் அபசகுனம். அண்ணன் அதை எடுக்க ஒரு காலை முன்னால் வைத்துக் குனிந்தான்.

பெல்ட்டின் இரண்டு முனைகளை இணைக்கிற இரும்புக் கவ்வி ஒன்று உண்டு. பேண்ட்டின் விளிம்பு ஜிப் அதில் மாட்டிக்கொண்டது. துணி கிழிந்தால் சர்ரென்று ஒரு சத்தம் வருமில்லையா? அந்தச் சத்தம் வரவே இல்லை. எங்கள் பழைய பருத்தித் துணியாக இருந்திருந்தால் பாதிப் பேண்ட் போயிருக்கும், அண்ணன் அரைகுறையாக நின்றிருப்பான், நாங்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்போம். வேறு சத்தம்தான் வந்தது. அதை நான் எழுத மாட்டேன்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். ஊர் முழுக்க ஒரே பேச்சு. பேண்ட் காலை வாங்கிவிட்டது. முதலாளி அதையே சொன்னார், வேலை செய்தவர்கள் சொன்னார்கள், ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு அதையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். "வயசுப் புள்ளைங்க ஆட்டம் கொஞ்சமா நஞ்சமா?" என்றார்கள். கம்பெனி வாசலில் இனி யாரும் பெல்பாட்டம் போட்டு வரக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். சுவரோரம் சாய்ந்திருந்த மூடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாளே அதைப் பழையபடி மாட்டிவிட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து சந்தனத்தை மூடியின் மேலேயே வைத்தார்கள். அப்படியானால் அவர்களுக்கும் தெரிந்துதானே இருந்தது? நான் மட்டும் ஒருதரம் முதலாளி எதிரில் மூடியைப் பற்றிக் கேட்டேன். "துக்கத்துல பேசுது, வுடுங்க" என்று என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மா அண்ணனுடைய மிச்சப் பேண்ட்டுகளை எல்லாம் அடுப்பில் போட்டாள். அது துணி மாதிரி எரியவில்லை. உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்து கல்லில் ஒட்டிக்கொண்டது. மாசக்கணக்கில் எங்கள் சோற்றில் அந்த நாற்றம் இருந்தது.

பிறகு மெட்ராஸுக்குப் போய் அண்ணனுக்குக் கட்டைக்கால் வாங்கினோம். கனமானது, கணுக்கால் மடங்காது. வேட்டி கட்டினால் காற்றில் விலகி வெளியே தெரியும். அப்போது பேண்ட்டெல்லாம் குறுக ஆரம்பித்துவிட்டது, அது கட்டைக்காலில் நுழையவே நுழையாது. ஒரு நாள் அண்ணன் தையல்காரரை வீட்டுக்கு வரவழைத்து அளவு கொடுத்துக்கொண்டிருந்தான். கீழே இருபத்தாறு இஞ்ச் வைக்கச் சொன்னது அம்மா காதில் விழுந்துவிட்டது.

"டேய், உன் காலைத் தின்ன பேண்ட்டையே மறுபடியும் போடப் போறியா?"

"தின்னது பெல்ட்டும்மா. பேண்ட்டு இல்ல."

"ஊரே பேண்ட்டைக் குறுக்கிடுச்சு. எல்லாரும் உன்னப் பாத்துச் சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டும். நொண்டின்னு சொல்றதுக்குக் கோமாளின்னு சொல்லிட்டுப் போகட்டும்."

அவன் சொன்ன பிறகுதான் எங்களுக்கே புரிந்தது. அந்த ஒரு வார்த்தை தன்மேல் விழக் கூடாது, அவனுக்கு வேறெதுவும் வேண்டாம்.

அதற்காக அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீட்டுக் கொல்லையில் சுவரைப் பிடிக்காமல் நடந்து நடந்து பழகினான். கட்டைக்கால் உரசி முழங்காலுக்குக் கீழே புண்ணாகி ரத்தம் ஊறும், கழுவித் துணி வைத்துக் கட்டுவேன், அடுத்த நாளும் நடப்பான். கடைவீதியில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கேசட் கடை வைத்தான். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் மேல்பாதி மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு இடத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். வேப்பூர் பக்கம். பெண்ணின் மாமா, "மாப்ள ஏன் தாங்கித் தாங்கி நடக்கறாரு?" என்று கேட்டார். அண்ணன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகும், நான் விதவையாகத் திரும்பி வந்த பிறகும், இதே வீட்டில்தான் இருந்தான்.

பேண்ட் குறுகியது, பிறகு தொளதொளவென்று ஆனது, பிறகு மறுபடியும் குறுகிக் காலோடு ஒட்டிக்கொண்டது. கேசட் போய் சி.டி. வந்தது, அதுவும் போனது. கடையில் செல்போனுக்குக் காசு ஏற்ற ஆரம்பித்தான். பேண்ட்டை மட்டும் மாற்றவில்லை. விபத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள், பாதிப் பேர் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். கம்பெனியும் மூடிவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு அவன் ஒரு கிறுக்குக் கிழவன். பெல்பாட்டம் தாத்தா என்று பெயர் வைத்தார்கள். பையன்கள் பின்னாலேயே வந்து, "தாத்தா, டிஸ்கோ ஒண்ணு ஆடுங்க" என்று சீண்டுவார்கள். எனக்கு வயிறு எரியும். அவன் ஒரு கையை இடுப்பில் வைத்து, ஒரு கையை ஆகாயத்துக்குத் தூக்கிக் காட்டுவான். அவர்கள் சிரித்தால் அவனும் சிரிப்பான். வீட்டுக்குள் வந்து என்னிடம், "பாத்தியா பாப்பா, ஒருத்தனுக்கும் தெரியல" என்பான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். மேடையில் ஆடி முடித்த முகம் அது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழவில்லை.

குளிப்பாட்டி உடுத்துவது ஆம்பளைகள் வேலை என்று என்னை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். எங்கள் பெரியப்பா மகன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். நான் பீரோவைத் திறந்து அவனுடைய நல்ல பேண்ட்டைத் தேடி எடுத்து, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து கதவைத் தட்டினேன். கதவு திறந்தது. வேலை முடிந்துபோயிருந்தது. புது வேட்டி, புதுச் சட்டை. கட்டைக்கால் சுவரோரம் சாய்ந்திருந்தது.

"அந்தக் காலை மாட்டி இதைப் போட்டு வுடுங்கண்ணே" என்றேன்.

"செத்தவனுக்கு என்னாம்மா ஸ்டைலு? மாதா முன்னாடி வெள்ளையில போறதுதான் மரியாதை."

"எல்லாரும் பாப்பாங்கண்ணே."

"பாத்தா என்னா? போற கட்டைதானே?"

தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தார்கள். வலது பக்கம் வேட்டி மேடாக இருந்தது. இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே பலகையோடு பலகையாகக் கிடந்தது. தெரு முழுக்க வந்திருந்தது. டிஸ்கோ ஆடச் சொன்ன பையன்கள், அவர்களைப் பெற்றவர்கள், டீக்கடைக்காரர், எல்லாரும் வரிசையாக வந்து முகத்தைப் பார்த்தார்கள், பிறகு கீழே பார்த்தார்கள். "அட, இவருக்குக் காலு இல்லியா?" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். எனக்குப் பெட்டிக்குள் இறங்கி அந்த இடத்தில் நானே படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. கையில் இருந்த பேண்ட்டை அந்தப் பக்கம் மேலே போட்டேன். பெரியப்பா மகன் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

திவ்யா கண்ணாடி எதிரில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பஸ் ஸ்டாண்டில், ஜங்ஷனில், கோயில் வாசலில் எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் இந்தப் பேண்ட்டைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்கள். அண்ணன் இருந்திருந்தால் இன்றைக்கு அவனைப் பார்த்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருப்பான். அச்சு வார்த்த அந்த டிஸ்கோ பொம்மை ஒன்றுகூட என்னிடம் இல்லை. அன்றைக்கு ஓரமாக வைத்த அவன் பேண்ட் எங்கே போனது என்றும் தெரியவில்லை.

"ஆன்ட்டி, நெஜமாவே உங்க வூட்டுல யாராவது இதைப் போட்டாங்களா?" என்று திவ்யா கேட்டாள்.

"எங்க அண்ணன் போடுவான். அவனுக்கு ரொம்ப நல்லா இருக்கும்" என்றேன்.

பார்சல் கொண்டுவந்த பையன் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன் இல்லையா? கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டியைத் திருப்பியவன், அடுத்த முறை அலைய வேண்டாம் என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்காகக் கேட்டான்.

"நொண்டித் தாத்தா வூடு இதானேங்க?"